பிரெட் ஹார்ட்டும் அந்தப் பொடியனும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் பழைய றெஸ்லிங் பற்றி எழுதிய குறிப்பில், 1994 ஜூலை 11 அன்று 'றோ' என்ற வாராந்த ரிவி நிகழ்ச்சியில் காட்டிய, சம்பியன் பிரெட் ஹார்ட் – 1-2-3 கிட் என்ற பொடியன் சண்டையைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தீர்கள். சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடிப்பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஏமாற்றம்தான். முதலாவது, எல்லாமே முன்கூட்டிப் பேசிவைத்த முடிவு, அதில் என்ன 'திறமான சண்டை' வேண்டியிருக்கிறது? இரண்டாவது, சின்னப் பொடியன் கடைசியில் தோற்றுத்தானே போகிறான். நடுவில் ஒருமுறை சம்பியன் அவனுக்கு இரக்கம் காட்டி இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை, பிச்சை போட்ட மாதிரி இருந்தது. 1999இல் மான்கைண்ட் என்ற றெஸ்லர், ரொக் என்பவரை வென்று சம்பியன் ஆனது மாதிரி இருந்தால் அது கதை. மூன்றாவது கேள்வி கோபமில்லாமல் கேட்கிறேன்: 94இல் கொழும்பில் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிப் பார்த்தீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகன், தெஹிவளை

*

அன்புள்ள தம்பி,

திட்டுவதற்காகவாவது முழுச் சண்டையையும் இருந்து பார்த்திருக்கிறீர்கள், அதற்கே நன்றி. முக்கால்வாசிப் பேர் ஐந்து நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல வருகிறார்கள்.

பேசிவைத்த முடிவு, ஓம். அது ஒரு காலத்தில் ரகசியம், இப்போது இல்லை. 1989இலேயே 'றோ'வை நடத்துகிற டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பனி (இப்போது டபிள்யூ.டபிள்யூ.இ.) நியூ ஜெர்சி செனற்றிடம் போய், நாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று தாங்களாகவே ஒப்புக்கொண்டுவிட்டது, விளையாட்டு ஆணைக்குழுவின் பிடியிலிருந்து தப்புவதற்காக. அதற்குப் பிறகும் சனம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் சொன்ன மான்கைண்ட் சண்டையையே எடுங்கள். அது ஏற்கெனவே ஒளிப்பதிவு செய்து வைத்திருந்தது. 1999 ஜனவரி 4 இரவு அதை ஒளிபரப்புகிறபோது, போட்டிக் கம்பனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நிகழ்ச்சி நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களுடைய வர்ணனையாளர் என்ன செய்தார் தெரியுமா? அங்கே இன்றைக்கு மான்கைண்ட் வெல்லப்போகிறார், அதைப் பார்க்க ஆள் வருமாக்கும் என்று நக்கலாகச் சொல்லி முடிவை உடைத்துவிட்டார், மேலிடம் சொல்லச் சொன்னதாம். முடிவு தெரிந்துவிட்டால் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்ற கணக்கு. நடந்தது தலைகீழ். லட்சக்கணக்கான பேர் அந்த நிமிடமே சானலை மாற்றிக்கொண்டு மான்கைண்ட் வெல்வதைப் பார்க்கப் போய்விட்டார்கள். முடிவு தெரிந்த பிறகு, தெரிந்ததாலேயே போனார்கள் தம்பி. உங்கள் முதலாவது கேள்விக்கு நீங்கள் சொன்ன மான்கைண்ட் கதையிலேயே பதில் இருக்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. கந்தசஷ்டிக்கு சூரன்போர் பார்க்கப் போகிறவர்களில் யாருக்காவது முருகன் வெல்வாரா என்று சந்தேகம் இருக்கிறதா? ஆனாலும் வீட்டுக்கு வந்தபிறகு கதைப்பதெல்லாம் சூரனைத் தூக்கினவர்களைப் பற்றித்தான், இந்த முறை சூரன் நல்லா ஆடினான், போன வருசம் சும்மா நடந்துபோனான் என்று. தோற்கிற பக்கத்தைத் தூக்குகிறவனுக்குத் தோளில் பலம் இல்லையென்றால் அந்தச் சூரன்போர் சப்பென்று போய்விடும்.

றெஸ்லிங்கில் இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, நான் அந்தச் சண்டையைத் தூக்கிப் பிடிக்கிற காரணமும் அதுதான். தோற்கப்போகிறவனைத் தோளில் தூக்க வேண்டியவர் வெல்லப்போகிற சம்பியன். வேறு யாராலும் அது முடியாது. பொடியன் எவ்வளவு உயரத்திலிருந்து பாய்ந்தாலும், சம்பியன் விழாமல் நின்றால், விழுந்தும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழும்பினால், அந்தப் பாய்ச்சலுக்குப் பெறுமதியே இல்லை. அந்தக் காலத்து 'றோ'வை நீங்கள் முழுதாகப் பார்த்திருந்தால் தெரியும், வாராவாரம் ஒரு பெரிய ஆள் வருவார், பெயர் தெரியாத ஒருவனை மூன்று நிமிடத்தில் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போவார். பெரிய ஆள் சின்ன ஆளைச் சாப்பிட்டுவிடுவது அங்கே வழமை. கிட் வந்ததே அந்தச் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான். 1993 மே 17 அன்று ரேசர் ராமோன் என்ற பெரிய ஆளிடம் அடிவாங்க அனுப்பப்பட்ட யாரோ ஒரு மெல்லிய பொடியன், மேல் கயிற்றிலிருந்து பின்பக்கமாகக் குத்துக்கரணம் அடித்து விழுந்து மத்தியஸ்தர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரைக்கும் அவர் தோள் எழும்பாமல் அமுக்கி வென்றுவிட்டான். அந்தப் பெயரே அந்த எண்ணிக்கையிலிருந்து வந்ததுதான். உண்மைப் பெயர் ஷோன் வோல்ட்மன். பிரெட்டோடு மோதியபோது அவனுக்கு 22 வயது நிறையவில்லை.

பிரெட் ஹார்ட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். அவர் ஒன்றும் மலை இல்லை. ஹல்க் ஹோகன், அல்டிமேட் வாரியர் என்று சதைமலைகள் வைத்திருந்த பட்டத்தை 1992 ஒக்டோபரில் ரிக் ஃபிளேயரிடமிருந்து வாங்கியவர். அடுத்த வருசம் யோகோசூனாவிடம் அதைப் பறிகொடுத்து, 94 மார்ச்சில் நியூ யோர்க் மடிசன் ஸ்குவயார் கார்டனில் அதே யோகோசூனாவிடமிருந்து திரும்ப எடுத்தவர். அதே இரவின் முதலாவது சண்டையில் தன் தம்பி ஓவனிடம் தோற்றிருந்தார். அதாவது இவர் பெரிய ஆட்களோடு மோதுகிற சின்ன ஆளாகத்தான் பெயர் எடுத்தவர், கூடவே, தோற்கக்கூடிய சம்பியன் என்று எல்லோரும் கண்ணால் கண்டவர். அப்படிப்பட்டவர் இங்கே தன்னைவிடச் சின்னவன் ஒருவனுக்கு முன்னால் பெரிய ஆளாக நிற்க வேண்டும், அதுவும் கெட்டவனாக மாறாமல். இரண்டு பேரும் நல்லவர்கள் என்றால் சண்டை உப்புச்சப்பில்லாமல் போவதுதான் வழமை, சனத்துக்கு யாரைத் திட்டுவதென்று தெரியாது.

இனி அந்த 'பிச்சை' கதைக்கு வருவோம். நடந்தது இது: பிரெட் அவனை அமுக்கிப் பிடிக்கிறார், மத்தியஸ்தர் மூன்று எண்ணுகிறார், மணி அடிக்கிறது. ஆனால் பொடியனின் கால் கயிற்றின் மேல் இருந்தது, அப்படி இருந்தால் எண்ணிக்கை செல்லாது. சண்டையை மறுபடி தொடங்கச் சொன்னவர் பிரெட். நீங்கள் இதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விதிப்படி அவர் வெல்லவில்லை, பொடியன் இன்னும் தோற்கவில்லை, அவ்வளவுதான். இல்லாத ஒன்றை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, தனக்கு உரிமையில்லாத ஒன்றைத் திருப்பி வைத்தார். இரக்கப்பட்டவர் என்றால் அதன்பிறகு மெதுவாக அல்லவா அடித்திருக்க வேண்டும்? அவர் இன்னும் மும்முரமாக அல்லவா இறங்குகிறார்.

அந்த இடத்தின் கெட்டித்தனம் வேறு ஒன்றிலும் இருக்கிறது. மணி அடிக்கும்வரைக்கும் நமக்குத் தெரியும், அந்தக் காலத்தில் வாராந்த ரிவி நிகழ்ச்சியில் பட்டம் கைமாறுவது அரிது. மணி அடித்ததும், சரி முடிந்தது, எதிர்பார்த்ததுதான் என்று மனசு ஆறிவிடுகிறது. அதைக் கிளறித் திரும்பத் தொடங்கினால் கணக்கு குழம்பிப்போகிறது. நேர்மையாக நடந்தவன் அதற்காக அடி வாங்குகிற கதைகளை நாம் எவ்வளவு கேட்டிருக்கிறோம், ஐயோ இந்த மனிசன் தேவையில்லாமல் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாரோ என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகு பொடியன் பிரெட்டின் மேல் விழுந்து அமுக்குகிற ஒவ்வொரு தரமும் எண்ணிக்கைக்கு வேறு கனம். இந்த இடங்களில் பொடியனைப் பார்க்காதீர்கள், கீழே கிடக்கிற பிரெட்டின் தோளைப் பாருங்கள். தோளை எப்போது தூக்குவது என்பது கீழே கிடக்கிறவரின் கையில்தான் இருக்கிறது. ஒன்று எண்ணும்போதே தூக்கலாம், அப்படித் தூக்கினால் பொடியன் கொசு. இரண்டு எண்ணி, மத்தியஸ்தரின் கை மூன்றாம் தரம் கீழே வந்துகொண்டிருக்கும்போது தூக்கினால் பொடியன் சம்பியனாகும் தறுவாயில் இருந்தவன். அந்த அரைச் செக்கன் முழுக்கப் பிரெட் கொடுத்தது. தரையில் படுத்துக்கொண்டே ஒருவனைப் பெரிய ஆளாக்குவது லேசான வேலை இல்லை.

பிரெட்டுக்கு இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது. கல்கரியில் அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டு நிலவறையிலேயே ஆட்களைப் பழக்கினவர். மூலைக் கம்பத்துக்கு எறிந்தால் மற்றவர்கள் எல்லோரும் முதுகைக் கொடுப்பார்கள், பிரெட் நெஞ்சைக் கொடுப்பார், ஓடிப்போய் நெஞ்செலும்பு நேராக அடிபடுகிற மாதிரி. பார்க்கிற நமக்கு மூச்சு நின்றுவிடும். தன்னோடு மோதிய யாரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்பது அவருடைய பெருமை. (அப்படிப்பட்டவருடைய றெஸ்லிங் வாழ்க்கையை 99 டிசம்பரில் கோல்ட்பேர்க் என்ற றெஸ்லரின் ஒரே ஒரு உதை முடித்துவைத்தது. அதை இன்றைக்கும் என்னால் முழுதாகப் பார்க்க முடியாது.)

முடிவு ஷார்ப்ஷூட்டர். மல்லாக்கக் கிடப்பவனின் கால்களுக்கு நடுவில் தன் காலை விட்டு, அவன் கால்கள் இரண்டையும் அதில் பின்னி, அப்படியே குப்புறப் புரட்டி முதுகின் மேல் குந்துவது. பொடியன் விட்டுக்கொடுத்தான். ஓம், தோற்றான். ஆனால் சம்பியன் தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுக்க வேண்டியிருந்தது. முந்தின வருசம் பெயரே இல்லாதவனுக்கு இது தோல்வியா? அவன் பின்னால் சிக்ஸ், எக்ஸ்-பாக் என்று பெயர் மாற்றி மாற்றி அந்தத் தொழிலின் இரண்டு பெரிய கூட்டங்களிலும் இருந்துவிட்டான். 93இல் ரேசர் ராமோனை வென்றது அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு 94 ஜூலைக்குப் பிறகு வாயில்லை.

மான்கைண்ட் விசயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். அந்த இரவு கொண்டாட்டம், மறுக்கவில்லை, நானும் கத்தினேன். ஆனால் சண்டையாக அதைத் திரும்பப் பாருங்கள். ஸ்டீவ் ஒஸ்டின் உள்ளே வந்து ரொக்கின் மேல் கதிரையால் ஒரு போடு போட்டு, மான்கைண்டைத் தூக்கி அவர் மேல் கிடத்திவிட்டுப் போகிறார். வென்றது மான்கைண்ட் என்றாலும் முடித்துவைத்தது இன்னொருவர். கிட் தோற்ற சண்டையில் உள்ளே இருந்தது இரண்டே பேர், வெளியிலிருந்து ஒரு கை வரவில்லை. சின்னவன் வென்றால்தான் கதை என்று பிடிவாதம் பிடித்தால் இப்படியான சண்டைகள் உங்கள் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

கொழும்பில் எப்படிப் பார்த்தோம் என்று கேட்டீர்கள். கனடாதான். ரொறொன்ரோவில் இருந்த ஒரு மாமா ரிவியில் போகிறதைப் பதிவு செய்து, யாராவது ஊருக்கு வரும்போது வீடியோ கசெற்றாகக் கொடுத்துவிடுவார், பிரெட் கனடாக்காரர் என்பதால் பிரெட்டின் சண்டை ஒன்றையும் மாமா தவறவிடமாட்டார். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரு கசெற் பத்து வீடு சுற்றும். வந்துசேரும்போது சம்பவம் நடந்து மாதக்கணக்காகியிருக்கும், கொண்டுவந்தவர் யார் வென்றது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கசெற்றையே கையில் தருவார். அங்கத்தைய ரிவிப் படமுறை என்.ரி.எஸ்.சி., இங்கத்தைய ரிவியெல்லாம் 'பால்' (PAL) முறை, இரண்டுக்கும் ஒத்துவராது. பல வீட்டு டெக்குகளில் படம் கறுப்பு வெள்ளையாக ஓடும், சில வீடுகளில் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். பிரெட்டின் உலகப் புகழ்பெற்ற பிங்க் உடுப்பை நாங்கள் நீண்டகாலம் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முடிவு தெரிந்து, நிறம் தெரியாமல், கோடு கோடாகப் பார்த்த சண்டைகள்தான் எல்லாம். எல்லா முறைக்கும் ஒத்துவரும் டெக் வைத்திருந்த வீட்டில் சனிக்கிழமை பின்னேரங்களில் இருக்க இடம் கிடைக்காது, பொடியங்கள் ஜன்னல் கம்பியில் தொங்குவார்கள், அந்த வீட்டு அம்மா சத்தம் போட்டுக்கொண்டே எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றித் தருவார்.

அடுத்ததாக ஒன்று பாருங்கள். 1994 ஜூனில் நடந்த 'கிங் ஒஃப் த றிங்' அரையிறுதி, இதே கிட், பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட்டோடு. நாலு நிமிடம்கூட இல்லை. அங்கேயும் பொடியன்தான் தோற்கிறான், ஆனால் ஓவன் கெட்டவன், கயிற்றில் கால் இருந்தது என்று சண்டையை மறுபடி தொடங்கச் சொல்கிற ஆள் இல்லை. அண்ணனோடு மோதியபோது ஒரு விதமாகவும் தம்பியோடு மோதியபோது வேறு விதமாகவும் அவன் தெரிவதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், மான்கைண்டுக்காகச் சண்டை பிடிக்க இன்னும் ஏதாவது வைத்திருந்தால் அதையும்.

அன்புடன்,
அண்ணா