எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: எத்தனை நாள் லீவு போடணும்?

போன இதழ்ல எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடை, அதாவது நேபாளத்துல லுக்லாங்கற ஊர்ல இருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரைக்கும் நடந்து போயிட்டு வர்றது, அதைப் பத்தி எழுதினதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நான் நினைக்கவே இல்ல. எல்லாருக்கும் தனித்தனியா பதில் எழுத இந்தப் பக்கம் பத்தாது, அதனால பல பேர் கேட்டிருந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன். முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம், அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

அக்கா, எனக்கு வயசு 27. வெள்ளியங்கிரி ஆறு தடவை ஏறியிருக்கேன், நல்ல வேகமா ஏறுவேன். ஆபீஸ்ல மொத்தமா பத்து நாள்தான் லீவு தருவாங்க. லுக்லாவுல ஆரம்பிச்சு திரும்ப லுக்லா வர எட்டு நாள்ல முடிச்சிடலாமா?
*– வாசகர், கோயம்புத்தூர்*

தம்பி, உங்க காலுக்கு எட்டு நாள் போதும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அங்க கால் மட்டும் ஏறறது இல்ல, ரத்தமும் நுரையீரலும் சேர்ந்து ஏறணும், அதுங்களுக்கு உங்க ஆபீஸ் லீவு கணக்கு தெரியாது.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தென்னிந்தியாவிலயே உசந்த சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். லுக்லாவுல பிளேன்ல இருந்து இறங்கி நிக்கிற இடமே ஏறக்குறைய 2,845 மீட்டர். அதாவது ஒரு அடி எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ப்பக்க மலை எல்லாத்துக்கும் மேல நிப்பீங்க. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், அங்க காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல ஏறக்குறைய பாதிதான், ஒரு மூச்சு இழுத்தா கிடைக்கிற ஆக்சிஜனும் அந்தக் கணக்குலதான். உடம்பு இதுக்குப் பழகும், நல்லாவே பழகும், ஆனா அதுக்கு நாள் ஆகும், மனசுல உறுதி இருந்தா சீக்கிரம் பழகிடும்னு எல்லாம் கிடையாது.

மலை மருத்துவம் பாக்கற டாக்டருங்க சொல்ற கணக்கு இதுதான்: 3,000 மீட்டர் தாண்டிட்டா, இன்னிக்கு ராத்திரி தூங்கற உயரம் நேத்து தூங்கின உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி தங்கணும். கவனிங்க, தூங்கற உயரம். பகல்ல அதைவிட மேல ஏறிட்டு கீழ வந்து படுக்கறது நல்லதுதான். இப்ப வழக்கமான பிளானைப் பாருங்க. லுக்லாவுல இருந்து பாக்டிங் 2,610, கொஞ்சம் இறக்கம்தான். அடுத்து நாம்சே பஜார் 3,440, ஒரே நாள்ல 800 மீட்டருக்கு மேல ஏறறோம், அதனாலதான் நாம்சேல ரெண்டு ராத்திரி. அப்புறம் டெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, அங்க மறுபடி ரெண்டு ராத்திரி. அப்புறம் லோபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, அங்க இருந்துதான் பேஸ் கேம்ப் போயிட்டு வர்றது. ஏறவே எட்டு நாள் ஆயிடுது பாருங்க. இறங்க மூணு இல்ல நாலு நாள். மொத்தம் பன்னெண்டு.

இதுல வேகமா நடக்கறவங்களுக்குத்தான் ஆபத்து கூட. ஜிம் பாடி, மாரத்தான் ஓடறவங்கன்னு உயர நோய், அதாவது உடம்பு உயரத்துக்குப் பழகாம வர்ற நோய், யாரையும் விட்டு வைக்காது, ஆனா மூச்சு வாங்காதவங்க நாம நல்லாத்தானே இருக்கோம்னு ஒரு நாளைக் குறைச்சுடுவாங்க, அந்த ஒரு நாள்தான் அவங்களை மேல படுக்க வைக்கும்.

லுக்லா ரன்வே வெறும் 527 மீட்டர் நீளம், மலைச்சரிவுல சாய்வா போட்டது. மேகம் மூடிச்சுன்னா பிளேன் இறங்காது, ஏறாது, ஒரு நாள் ரெண்டு நாள் அப்படியே உக்கார வேண்டியதுதான். சீசன்ல நிறைய ஃபிளைட் காத்மாண்டுல இருந்து கிடையாது, மந்தலின்னு ஒரு சின்ன ஏர்போர்ட்ல இருந்துதான், அதுக்கு நடுராத்திரியே எழுந்து நாலஞ்சு மணி நேரம் ஜீப்ல போகணும். அதனால நடைக்குப் பன்னெண்டு, மேகத்துக்கு ரெண்டு, காத்மாண்டு வந்து போக ரெண்டு. பதினாறு நாள் லீவு கிடைக்கிற வருஷம் போங்க.

பத்து நாள்தான் கிடைக்கும்னா டெங்போச்சே வரைக்கும் போயிட்டு வாங்க. இதை ஆறுதலுக்காக சொல்லல, நிஜமாவே சொல்றேன். நாம்சேல ரெண்டு ராத்திரி, டெங்போச்சேல ஒரு ராத்திரி, திரும்பி லுக்லா, ஆறேழு நாள். எவரெஸ்ட்டும் தெரியும், அதுக்குப் பக்கத்து சிகரம் லோட்சேவும் தெரியும், அமா டப்ளாம்ங்கற சிகரம் கைக்கு எட்டற மாதிரி நிக்கும்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டா உயர நோய் வராதுன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். இன்னொருத்தர் அது வலியை மறைச்சுடும், போடவே கூடாதுங்கறார். எது சரி?
*– வாசகர், சென்னை*

ரெண்டுமே சரி இல்ல. டயமாக்ஸ், அதாவது அசிடசோலமைட், வலியை மறைக்கிற மாத்திரை கிடையாது. மூச்சை அதிகமாக்கி, உடம்பு உயரத்துக்குப் பழகறதைக் கொஞ்சம் வேகப்படுத்தும். வழக்கமா தடுக்கறதுக்கு 125 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏற ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள்ல இருந்து. சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கறவங்களும் கிட்னி பிரச்சனை இருக்கறவங்களும் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது, மத்தவங்களும் கேட்டுட்டுதான் போடணும். விரல் நுனி மரத்துப்போய் குறுகுறுன்னு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்படாதீங்க. ஆனா மாத்திரை போட்டாச்சேன்னு ஒரு நாளைக் குறைச்சா அது காப்பாத்தாது.

இதை நான் கண்ணால பாத்தவ. முதல் தடவை போனப்ப நாங்களும் அவசரத்துல டிங்போச்சே ஓய்வு நாளை விட்டுட்டோம். லோபுச்சேல அன்னிக்கு சாயங்காலம் கூட வந்த தோழிக்கு தலைவலி, சாப்பாடு வேண்டாம்னா, நாங்க களைப்புன்னு நினைச்சோம். ராத்திரி எட்டு மணிக்கு அவ ஜாக்கெட் ஜிப் போடப் பாத்தா, ஜிப்போட அந்த சின்ன நுனியை ஓட்டைக்குள்ள விட முடியல, திரும்பத் திரும்ப பக்கத்துலயே குத்தறா, அவளுக்கே அது வித்தியாசமா தெரியல. எங்க கைடு அதைப் பாத்த உடனே தரையில ஒரு பலகை கோட்டைக் காட்டி, ஒரு காலோட குதிகால் இன்னொரு கால் விரலைத் தொடற மாதிரி அடி வச்சு நடக்கச் சொன்னார். ரெண்டு அடியிலயே சாய்ஞ்சிட்டா. காலைல பாத்துக்கலாம்னு யாரும் பேசல, அப்பவே ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு, ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிச்சு கீழ இருக்கற பெரிச்சேங்கற ஊர் வரைக்கும் இறக்கினோம். அறநூறு மீட்டர் வாக்குல கீழ இறங்கினதுமே பேச்சு தெளிவாச்சு. அங்க இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் கிளினிக் இருக்கு, டாக்டர் ஆக்சிஜன் வச்சு ஊசி போட்டு, இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் மேலயே இருந்திருந்தா மூளை வீக்கம் முத்திப்போயிருக்கும்னு சொன்னார்.

தலைவலி மட்டும்னா அதே இடத்துல தங்குங்க, ஏறாதீங்க. தள்ளாட்டம், குழப்பம், சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கறது, நுரையோட இருமல், இதுல எது வந்தாலும் அந்த நிமிஷமே இறங்கணும், ராத்திரியோ மழையோ பாக்கக்கூடாது, நோயாளியை தனியா மட்டும் அனுப்பக்கூடாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது 6,000 மீட்டர் வரைக்கும் ஹெலிகாப்டர் மீட்பு அதுல இருக்கான்னு படிச்சுப் பாத்து எடுங்க.

மேடம், நான் போன வருஷம் ரிட்டயர் ஆன ஸ்கூல் டீச்சர், 59 வயசு. சின்ன வயசுல இருந்து இமயமலை ஆசை. படி இறங்கும்போது முட்டி லேசா வலிக்கும். பசங்க வேணாம்மாங்கறாங்க. போகலாமா?
*– வாசகி, நாகர்கோவில்*

போகலாம் டீச்சர். நான் அந்தப் பாதையில உங்களைவிட வயசானவங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன், மெதுவா நடந்து, அடிக்கடி நின்னு, இளவட்டங்களுக்கு அரை மணி நேரம் பின்னாடி வந்து சேந்து சுடச்சுட லெமன் டீ குடிச்சிட்டு இருப்பாங்க. வயசைவிட பிரஷர், சர்க்கரை, இதயம் இதெல்லாம்தான் முக்கியம், அதனால முதல்ல முழு செக்கப், டாக்டர்கிட்ட 5,000 மீட்டருக்கு மேல போறேன்னு தெளிவா சொல்லிக் கேளுங்க.

முட்டிக்கு ஏறறது கஷ்டம் இல்ல, இறங்கறதுதான். அதனால பயிற்சியும் இறங்கறதுலதான். ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சு, மாடிப்படியோ கோயில் படியோ, முதுகுல நாலஞ்சு கிலோ பையோட ஏறி, இறங்கும்போது பாதம் தொப்புன்னு விழாம, தொடையால பிடிச்சு மெதுவா வைக்கப் பழகுங்க. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அது காலுக்கு நல்ல பழக்கம், ஆனா சமதரை, அதை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு கைக்கும் வாக்கிங் போல் கண்டிப்பா வேணும், இறங்கும்போது அதைக் கொஞ்சம் நீளமாக்கிப் பிடிங்க. பசங்களுக்கு உங்க பிளான்ல எத்தனை ஓய்வு நாள் இருக்குன்னு காட்டுங்க, பாதி பயம் போயிடும். நான் உங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் கூட்டிப்போடச் சொல்லுவேன்.

நாங்க சுத்த சைவம். பன்னெண்டு நாளும் என்ன சாப்பிடறது?
*– வாசகி, கும்பகோணம்*

தால் பாத். சோறு, பருப்பு, ஒரு காய்கறி, ஒரு கீரை, அப்பளம், ஊறுகாய். கேக்கக் கேக்க மறுபடி போடுவாங்க, காசு ஒரு தடவைதான். அங்க சுமை தூக்கறவங்களும் கைடும் ரெண்டு வேளையும் அதைத்தான் சாப்பிடறாங்க. அசைவம் சாப்பிடறவங்களுக்கே நாம்சேவுக்கு மேல கறி வேண்டாம்னு சொல்லுவேன், ஏன்னா கீழ வெட்டின கறியை நாள் கணக்குல சுமந்துதான் மேல கொண்டு வர்றாங்க. உயரம் ஏற ஏற பசி செத்துடும், அப்ப வாய்க்குப் பழகின ருசிதான் சோத்தை உள்ள தள்ளும், அதனால புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் சின்ன டப்பால எடுத்துக்குங்க. தண்ணி ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது, மேல போகப் போக பாட்டில் விலை எகிறும், குப்பையும் சேரும், குளோரின் மாத்திரை வாங்கிட்டுப் போங்க.

போர்ட்டர் வச்சுக்கறது தப்பு மாதிரி தோணுது. நம்ம பையை இன்னொருத்தர் முதுகுல ஏத்தறதா?
*– வாசகர், திருச்சி*

உங்க மனசு எனக்குப் புரியுது, ஆனா அது அவங்க தொழில், அந்த சம்பளத்துலதான் பசங்க படிக்கறாங்க. தப்பு ஆள் வைக்கறதுல இல்ல, எவ்ளோ ஏத்தறோம்ங்கறதுலதான். ரெண்டு பேரோட மூட்டையை ஒருத்தர் முதுகுல கட்டி, அதுவே முப்பது கிலோ தாண்டறதை நான் பாத்திருக்கேன். உங்க பையை பத்து கிலோவுக்குள்ள அடக்குங்க, ரெண்டு பேருக்கு ஒரு போர்ட்டர்னா மொத்தம் இருபதுதான். ஏற்பாடு செய்யறவங்ககிட்ட நேரா கேளுங்க: அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கா, ஷூவும் கனமான ஜாக்கெட்டும் இருக்கா, ராத்திரி எங்க தூங்குவார்? பதில் மழுப்பலா வந்தா வேற ஆளைப் பாருங்க. அவங்களுக்கும் உயர நோய் வரும், தலை வலிக்குதான்னு தினமும் கேளுங்க.

பை கனம் குறையணும்னா ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டாம், வேர்வையில நனைஞ்சா காயாது, குளிர் எலும்புல ஏறும். தூங்கற பையும் டவுன் ஜாக்கெட்டும் காத்மாண்டுல தமேல்ங்கற கடைத்தெருவுல வாடகைக்கு கிடைக்கும். ஷூ மட்டும் இங்கயே வாங்கி ரெண்டு மாசம் போட்டு நடங்க.

பாஸ்போர்ட் வேணுமா?
*– வாசகர், சேலம்*

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட், இல்லனா ஒரிஜினல் வோட்டர் ஐடி. ஆதாரை மட்டும் நம்பி ஏர்போர்ட்டுக்குப் போகாதீங்க.

ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம், பன்னெண்டு நாள், சும்மா நடந்துக்கிட்டே இருந்தா போரடிக்காதா? அதுவும் பேஸ் கேம்ப்ல இருந்து எவரெஸ்ட் தெரியாதாமே?
*– வாசகி, திருப்பூர்*

தெரியாதுதான், பக்கத்து மலைத்தோள் மறைச்சுடும். சிகரம் நல்லா தெரியறது காலா பத்தர்ல இருந்து, கோரக் ஷெப்புக்கு மேல இருக்கற கறுப்பு மேடு, 5,500 மீட்டருக்கும் மேல. ஆனா எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கறது அந்த மேடு இல்லப்பா, ஓய்வு நாளுங்கதான்.

ரெண்டாவது தடவை போனப்ப டெங்போச்சேலயும் ஒரு நாள் கூடுதலா போட்டிருந்தேன். அங்க இருக்கற மடம் 1934 பூகம்பத்துல இடிஞ்சு, 1989ல தீயில எரிஞ்சு, ரெண்டு தடவையும் திரும்பக் கட்டினது. காலைல பூஜைக்கு ஓரமா உக்கார விடறாங்க, ஷூவைக் கழட்டிட்டுப் போகணும், தரை பனிக்கட்டி மாதிரி ஜில்லுன்னு இருக்கும். ஒரு சின்னப் பையன், துறவி உடுப்புல, பெரிய கெட்டில தூக்கிக்கிட்டு வந்து வரிசையா எல்லாருக்கும் வெண்ணெய் டீ ஊத்தினான், எனக்கு ஊத்தும்போது கெட்டில் கனத்துல கை நடுங்கிச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஒரு சொட்டு சிந்தாம ஊத்தி முடிச்சான். வெளிய வந்தா புல்வெளி முழுக்க உறைபனி, யாக் மணி சத்தம், அமா டப்ளாம் மேல வெயில் ஏற ஆரம்பிச்சிருக்கு. அன்னிக்கு எங்கயும் போக வேண்டிய வேலை இல்ல. மத்தியானம் வரைக்கும் மடத்துச் சுவர்ல சாய்ஞ்சு உக்காந்து, நிழல் அந்த மலைமேல இடம் மாறறதையே பாத்துக்கிட்டு இருந்தேன், தலைவலி இல்ல, பசி நல்லா எடுத்துது, ரெண்டு தட்டு தால் பாத் சாப்பிட்டேன்.