கெர்சல் மூரில் மேயும் ஆடுகள்

ஐயா,
வில்லியம் வைல்ட் 1852-இல் வரைந்த மான்செஸ்டர் ஓவியத்தைப் பார்த்தேன். தொழிலாளர் ரத்தத்தை உறிஞ்சிய நகரம், பொன்னிற வெயிலில் மின்னுகிறது. இத்தனை அழகு பொய்தானே? ஓவியருக்கு மனசாட்சி வேண்டாமா? கோவையை இன்னும் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெருமையாகச் சொல்கிறோமே, சரியா?
— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கோவையின் பெருமையை உங்கள் ஊர்க்காரர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வைல்டின் மனசாட்சியும் எனக்குத் தெரியாது.

விக்டோரியா அரசி 1851-இல் மான்செஸ்டருக்கு வந்துபோன பிறகு வரையச் சொன்ன நீர்வண்ண ஓவியம் அது. அரண்மனைக்குப் போகிற படத்தில் நல்ல வெயில் அடிக்கத்தான் செய்யும். ஆனால் மனிதர் புகையை மறைக்கவில்லை. தொடுவானம் நெடுகப் புகைபோக்கிகள்தான். நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கவில்லை. எனக்குக் கோபமே அதில்தான். முன்னால் யார் இருக்கிறார்கள்? ஓய்வாக ஒரு ஜோடி, சில ஆடுகள். அது மான்செஸ்டரை ஒட்டிய கெர்சல் மூர் ஐயா! 1838 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டுத் திரண்ட சார்ட்டிஸ்ட் கூட்டம் நடந்த மேடு. பதினாலே வருஷத்தில் அங்கே ஆடு மேய்கிறது. பொய் என்றால் இதைச் சொல்லுங்கள், வெயிலை விட்டுவிடுங்கள்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1816-இல் வரைந்த லீட்ஸ் நகரத்தைப் பாருங்கள். அங்கேயும் ஆலை, புகை, நல்ல வெளிச்சம் எல்லாம் உண்டு. முன்னாலோ ஈரத்துணியை விரித்துக் காயப்போடுகிறவர்கள், துணிச்சுருளைச் சுமந்து மேடேறுகிறவர்கள், சுவர் கட்டும் கொத்தனார்கள். நகரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான். முன்னிடத்தை யாருக்குக் கொடுத்தான் என்பதை வைத்துத்தான் ஓவியனை நான் எடைபோடுவேன். அழகாக வரைந்தான் என்பதற்காக யாரையும் கூண்டில் ஏற்ற மாட்டேன்.

என் பெரியம்மா நூற்பாலையில் வேலை பார்த்தவர். சங்கு ஊதி வீடு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்து உதறுவார். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். இருமிக்கொண்டே, ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது விளக்கெல்லாம் எரிகிற மில்லைத் தூரத்தில் பார்த்தால் தேர் மாதிரி இருக்கும் என்பார். அவரிடம் போய் அது பொய் என்று சொல்வீர்களா? அந்த இருமலும் நிஜம், தேரும் நிஜம்.

சரி, வருந்த வேண்டாம். ஒரு படம் இவ்வளவு உறுத்தியதால்தானே எழுதினீர்கள். அது நல்ல குணம். அடுத்த கடிதத்தில் மனசாட்சியைக் கொண்டுவராதீர்கள். லீட்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.