வெளிநாட்டு சபைக் குழுவொன்று கோத்தகிரியில் உள்ள பெண் பிள்ளைகள் இல்லத்தில் பத்து நாள் தொண்டு செய்ய வருகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

சுற்றுலா இ-விசாவில் ஊதியமில்லாத தொண்டு ஒரு மாதம்வரை செய்யலாம். பிரசங்கம் கூடாது; அதற்கு மிஷனரி விசா தனி. இல்லம் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவானதா என்றும் கேளுங்கள்.

வருபவர்கள் பிள்ளைகளை அணைத்துப் படமெடுக்கத் துடிப்பார்கள். அடையாளம் தெரியும்படி அதை வெளியிட்டால் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள், பத்து நாள் பாசம் காட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறவர்களுக்குக் கையசைத்தே அந்தப் பிள்ளைகள் அலுத்திருப்பார்கள்.

வார்டன் அக்காவிடம் என்ன வேலை கிடக்கிறது என்று கேளுங்கள். ஐப்பசி மழைக்குள் ஒழுகும் கூரையை அடைப்பது, கம்பளிகளைத் துவைத்து வெயில் தலைகாட்டும்போதே உலர்த்துவது, சாம்பாருக்குக் கேரட் நறுக்குவது. ஆங்கிலப் பாடம் பிள்ளைகள் கேட்டால் மட்டும்.

வேன் வெளிமாவட்டப் பதிவு என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.