வீட்டு கரண்ட் எத்தனை வோல்ட்? ஆர்டுயினோல அளக்கறது பத்தி கேள்வி பதில்

கே: வீட்டு கரண்ட சின்ன டிரான்ஸ்பார்மர் வழியா குறைச்சு கொடுக்கற இசட்எம்பிடி101பி மாட்யூலை ஆர்டுயினோ ஊனோ போர்டுல மாட்டிருக்கேன் சார். மல்டிமீட்டர் 232 காட்டுது, என்னோடது 210க்கும் 250க்கும் நடுவுல ஆடுது.

ப: ரெண்டு இடத்துல பாருங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 20 மில்லிசெகண்ட். நீங்க 100 சாம்பிள், அதாவது 100 தடவை அளந்து நிறுத்தினா அது 11 மில்லிசெகண்ட் சொச்சம்தான், ஒவ்வொரு தடவையும் அலைய வேற இடத்துல வெட்டுறீங்க, அதான் ஆடுது. எண்ணிக்கைய விட்டுட்டு 200 மில்லிசெகண்ட், அதாவது முழுசா 10 அலை எடுங்க, சராசரிய கழிச்சு, ஸ்கொயர் பண்ணி, அதோட சராசரிக்கு ரூட் போடுங்க, இதுக்குத்தான் ஆர்எம்எஸ்னு பேரு. அப்புறம் யுஎஸ்பி. ஊனோ அந்த 5 வோல்ட்டத்தான் அளவுகோலா வச்சுக்குது, மட்டமான கேபிள்ல அது 4.7க்கு இறங்கிட்டா வீட்ல 230 இருந்தாலும் 245ன்னு காட்டும்.

கே: ரெண்டு ரெசிஸ்டர் போட்டு நேரா கொடுத்தா போதாதா? மாட்யூல் எதுக்கு?

ப: வேண்டாங்க. பிளக்க திருப்பி சொருகினாலோ சாக்கெட்ல பேஸ் நியூட்ரல் மாறியிருந்தாலோ உங்க போர்டோட கிரவுண்டே பேஸ் ஆயிடும், அது யுஎஸ்பி வழியா லேப்டாப் உடம்புக்கு வரும். நடுவுல டிரான்ஸ்பார்மர் கண்டிப்பா இருக்கணும், பேஸ் பக்கம் ஒரு பியூசும் போடுங்க.

கே: உச்சத்த மட்டும் பிடிச்சு 1.414ஆல வகுத்தா வேலை முடிஞ்சுதே, ரூட்டெல்லாம் எதுக்கு?

ப: சுத்தமான சைன் அலைக்குத்தான் அது சரி. வீட்ல அலையோட தலை கொஞ்சம் தட்டையாத்தான் இருக்கும், சார்ஜர், டிவி எல்லாமே உச்சத்துலதான் கரண்ட் இழுக்கும்.

கே: எங்க வீட்ல சரியாத்தானே வருது? நீங்க சும்மா பெருசு பண்றீங்க.

ப: இன்வெர்ட்டர் ஓடும்போது பாத்தீங்களா? ஸ்கொயர் வேவ்ல உச்சமும் ஆர்எம்எஸ்ஸும் ஒண்ணுதான், நெஜமா 230 இருந்தா உங்க கணக்கு 163 சொல்லும். அதே அலைய ட்ரூ ஆர்எம்எஸ் இல்லாத, அதாவது எல்லாம் சைன் அலைன்னு நெனச்சு கணக்கு போடற மல்டிமீட்டர் 255ன்னு சொல்லும். ரெண்டுமே தப்பு, இதுல எத வச்சு காலிபிரேட் பண்ணுவீங்க, அதாவது உங்க அளவ சரிபண்ணுவீங்க? ஸ்கொயர் பண்ணி ரூட் எடுக்கறது நாலு வரி கோடு, அத எழுதிட்டு வாங்க, பேசலாம்.

கே: ஒரு அளவுக்கு மேல ஏறவே மாட்டேங்குது.

ப: மாட்யூல்ல சிக்னல கூட்டிக் குறைக்கற நீலத் திருகு, அந்த டிரிம்பாட்ட அதிகமா திருகிட்டீங்க. மாட்யூல்ல சிக்னல பெருசாக்கற எல்எம்358 சிப் 5 வோல்ட் சப்ளைல மேல 3.5 சொச்சம் வரைக்கும்தான் போகும். ஆர்டுயினோ சாப்ட்வேர்ல அலைய வரைஞ்சு காட்டற சீரியல் பிளாட்டர்ல பாருங்க, கீழ வளைவு உருண்டையாவும் மேல கத்தியால சீவுன மாதிரியும் தெரியும். ரெண்டு பக்கமும் உருண்டையாகற வரைக்கும் திருப்பி, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் குறைங்க, கரண்ட் ஏறும்போது எடம் வேணும்.

கே: ஊனோவுக்கு பதிலா இஎஸ்பி32 போர்டுல வைஃபை போட்டதும் ரீடிங் போச்சு.

ப: ஏடிசி2 பின்ல கொடுத்திருக்கீங்க, வைஃபை ஓடும்போது அதுல அளக்க முடியாது. 32லேர்ந்து 39க்குள்ள மாத்துங்க.

கே: மாட்யூலுக்கு பதிலா ரெசிஸ்டரையே பெரிய வாட்டேஜா போட்டா?

ப: மேலயே சொல்லிட்டேன். எத்தனை வாட் போட்டாலும் பேஸ் பேஸ்தான்.

கே: ஸ்டெபிலைசர் ரிலே டக்கு டக்குங்குது, என்ன பண்ணலாம்?

ப: அது எலக்ட்ரீசியன் வேலைங்க, கூப்பிட்டு காட்டுங்க.

கே: காலிபிரேஷன் எப்ப பண்றது?

ப: ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர பக்கத்துல வச்சு மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் கரண்ட் இறங்கும்போது ஒண்ணு. மீட்டர் அளவ உங்க அளவால வகுத்தா ரெண்டுலயும் ஒரே பெருக்கல் எண் வரணும், வரலன்னா மறுபடி டிரிம்பாட்டப் பாருங்க.