பெல்ஷாத்சார் யார்?

கேள்வி: யூத மறைநூல்களுள் ஒன்றான தானியேல் நூலில், பாபிலோன் வீழ்ந்த இரவில் விருந்து வைத்த அரசர் பெல்ஷாத்சார் என்று வருகிறது. வரலாற்று நூல்களோ கடைசி மன்னர் நபோனிடஸ் என்கின்றன. இருவரும் ஒருவர்தானா?

பதில்: இல்லை, நபோனிடஸ் தந்தை, பெல்ஷாத்சார் அவருடைய மூத்த மகன். கிரேக்க ஆசிரியர்கள் வழியாக வந்த அரசர் வரிசையில் பெல்ஷாத்சார் என்ற பெயரே இல்லாததால், அவரைக் கற்பனைப் பாத்திரமாகக் கருதியவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். தென் இராக்கில் உள்ள ஊர் என்னும் பண்டைய நகரத்தின் கோபுர இடிபாடுகளில், மூலைகளில் பதித்து வைத்திருந்த களிமண் உருளைகள் 1854-இல் கிடைத்த பிறகு அந்த ஐயம் நீங்கியது. கோபுரத்தைப் புதுப்பித்த நபோனிடஸ், சந்திரக் கடவுளிடம் தமக்கு நீண்ட ஆயுளைக் கேட்டுவிட்டு, தம் மூத்த மகன் பெல்-ஷார்-உசூரின் (பெல்ஷாத்சார் என்பதன் பாபிலோனிய வடிவம்) நெஞ்சிலும் இறையச்சம் நிலைக்க வேண்டும், அவன் பிழை செய்யாதிருக்க வேண்டும் என்று அவற்றில் வேண்டுகிறார். ஒரு தகப்பனின் இந்த வேண்டுதலைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்?

ஆனால், பெயர் பொருந்துவது மட்டும் போதாது. காலமும் பொறுப்பும் பொருந்த வேண்டும். நபோனிடஸ் பத்தாண்டுகள் அரேபியாவின் தேமா பாலைவனச் சோலையில் தங்கியிருந்ததையும், ஆட்சியை மூத்த மகனிடம் ஒப்படைத்ததையும் ஆப்பு வடிவ எழுத்துகள் பதித்த அக்காலக் களிமண் பலகைகள் கூறுகின்றன. அதே சமயம், அரசர் பாபிலோனில் இல்லாததால் அந்நகரின் புத்தாண்டு விழா நடைபெறவில்லை என்றும் அவை குறிக்கின்றன. மகன் ஆட்சியை நடத்தினாலும் முறைப்படி முடிசூடிய மன்னராக மதிக்கப்படவில்லை என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள். அந்த விருந்தின்போது சுவரில் தோன்றிய புரியாத எழுத்தைப் படித்துச் சொல்பவருக்கு அரசில் மூன்றாம் இடம் தருவதாகத் தானியேல் நூலில் பெல்ஷாத்சார் வாக்களிப்பதை, முதலிடம் தந்தைக்கும் இரண்டாமிடம் தமக்கும் உரியதாக இருந்ததால்தான் என்று விளக்கும் அறிஞர்கள் உண்டு. அது ஏற்கத்தக்க விளக்கமே.

இருப்பினும் எல்லாம் பொருந்திவிடவில்லை. அந்நூல், முன்பு பாபிலோனை ஆண்ட நேபுகாத்நேச்சாரைப் பெல்ஷாத்சாரின் தந்தை என்கிறது. கல்வெட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. அடுத்து ஆட்சியைப் பெற்றவராக அது கூறும் மேதியரான (பண்டைய ஈரானிய இனத்தவரான) தரியுவுக்கு இதுவரை ஒரு கல்வெட்டுச் சான்றும் கிடைக்கவில்லை, கி.மு. 539-இல் பாபிலோன் பாரசீக மன்னர் கோரேசின் (சைரஸ்) கைக்குப் போனதாகவே அக்காலப் பலகைகள் பதிவு செய்துள்ளன.