அப்பாவின் வயிற்றுப்போக்குக்கு ‘விஐபி’ ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். அந்த விஐபி உடம்பில் என்ன செய்கிறது? கெட்ட பொருளா?

அப்பாவுக்கு மூன்று மாதமாகத் தண்ணீராகப் போகிறது, குடியாத்தத்திலிருந்து வேலூருக்குக் கூட்டிவந்தோம், சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு ஆய்வகத்தில் பல வருடம் சாம்பிள் எடுத்தவள். அந்த அனுபவத்திலும், வேலைக்காகப் படித்ததிலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கெட்ட பொருள் இல்லை. உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. முழுப்பெயர் வாசோஆக்டிவ் இன்டஸ்டைனல் பெப்டைடு. 28 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. 1970இல் சாமி சையது, விக்டர் மட் என்ற இருவர் பன்றியின் சிறுகுடலிலிருந்து இதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். குடல், நுரையீரல், மூளை என்று பல இடங்களில் நரம்பு நுனிகள் இதைச் சுரக்கின்றன. இறுகிய தசையைத் தளர்த்தும், ரத்தக்குழாயை விரிக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், இரைப்பையின் அமிலத்தைக் குறைக்கும், குடலுக்குள் நீரும் உப்பும் சுரக்க வைக்கும். மூளையில் இரவு பகல் கணக்கு வைத்திருக்கும் நரம்புக் கூட்டத்தை ஒரே தாளத்தில் ஓட வைப்பதிலும் இதற்குப் பங்குண்டு. இது இல்லாத எலிகளுக்குத் தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் குழம்பிவிடுகின்றன. கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: நம் வீட்டுக் கோழி அடைக்கு உட்காருவதற்கான ஹார்மோனைத் தூண்டிவிடுவதும் இதே விஐபிதான்!

முக்கியமான விஷயம், இது அந்தந்த இடத்தில் வேலை செய்யும் பொருள். நரம்பு நுனியில் சுரந்து, பக்கத்துச் செல்லில் வேலையை முடித்ததும் சிதைந்துவிடும். ரத்தத்தில் ஓரிரு நிமிடம்கூடத் தாங்குவது கஷ்டம். அதனால் ஆரோக்கியமானவர் ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே இருக்கும். பல ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு 75 பிகோகிராமை மேல் எல்லையாக வைத்திருக்கின்றன. இதைச் சுரக்கும் நரம்புகள் அழிந்துபோனாலும் தொல்லைதான். உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்காமல் சோறு தொண்டைக்குக் கீழே நிற்கும் அக்கலேசியாவில், தசையைத் தளர்த்தும் அப்படிப்பட்ட நரம்புகள் குறைந்துபோயிருக்கும்.

உங்கள் டாக்டர் தேடுவது எதிர்ப்பக்கம். விப்போமா என்ற கட்டி, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கணையத்தில் வரும், விஐபியைக் கணக்கில்லாமல் ரத்தத்தில் கொட்டும். அது குடல் முழுக்கப் போய் நீரைத் திறந்துவிடும். 1958இல் வெர்னர், மாரிசன் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த இந்த நோய்க்குக் ‘கணையக் காலரா’ என்றும் பெயர். காரணம் இல்லாமல் இல்லை. காலரா நச்சும் விஐபியும் குடல் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற ஒரே சமிக்ஞையைத்தான் ஏற்றிவிடுகின்றன. குளோரைடு வெளியேறும், சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகும். அந்தத் தண்ணீரை எப்படித் திரும்ப உறிஞ்ச வைப்பது என்பதில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு: உப்புச் சர்க்கரைக் கரைசலோடு எளிதில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்தால் காலரா நோயாளிகளின் போக்கு குறைகிறது என்று 2000இல் வெளியான ஆய்வு, வேலூர் சிஎம்சியில் ராமகிருஷ்ணா குழு செய்தது.

விப்போமாவில் பட்டினி கிடந்தாலும் போக்கு நிற்காது. பால் ஒத்துக்கொள்ளாததாலோ சாப்பாட்டாலோ வருவது, சாப்பிடாமல் இருந்தால் அடங்கும், இது அடங்காது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்கு மேலேகூடப் போகும், லைட் டீ மாதிரி இருக்கும். பொட்டாசியம் இறங்கிக் கால் துவளும். சிலருக்கு முகம் சிவக்கும். இவை அப்பாவுக்கு உண்டா என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆனால் இது மகா அபூர்வம். கோடிப் பேரில் வருடத்துக்கு ஒருவர் என்பதுதான் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39 லட்சம். அப்படியென்றால் திருப்பத்தூர், ராணிப்பேட்டை எல்லாம் சேர்த்தே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருவர். பெரும்பாலும் ‘இது இல்லை’ என்று கழித்துக்கட்டத்தான் இந்த டெஸ்டை எழுதுகிறார்கள். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின், தைராய்டு, குடல் காசநோய் எல்லாம் இதைவிட எத்தனையோ மடங்கு சகஜம். அப்பா போடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சாம்பிள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. ஊரிலேயே ரத்தம் எடுத்து, டியூபை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு சில டெஸ்டுக்கு அது பரவாயில்லை. இதற்கு வீண். பெப்டைடு சிதைந்து, கட்டி இருந்தாலும் ரிசல்ட் நார்மல் என்று வந்துவிடும். வெறும் வயிற்றில், போக்கு இருக்கும் நாளிலேயே கொடுக்க வேண்டும். சிதையாமல் காக்கும் மருந்து போட்ட டியூபில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். பல இடங்களில் வெளியூர் ஆய்வகத்துக்குத்தான் அனுப்புவார்கள், ரிசல்ட் வர நாளாகும். ‘ஐஸில் வைத்தீர்களா’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒருவேளை அதிகமாக வந்தால் மறுபடி எடுப்பார்கள், பிறகு கட்டி எங்கே என்று தேட சிடி, காலியம் பெட் ஸ்கேன். கட்டி ஓரிடத்தில் இருந்தால் அறுவை சிகிச்சை. பரவியிருந்தாலும் ஆக்ட்ரியோடைடு ஊசி பெரும்பாலானோருக்குப் போக்கைக் கட்டுப்படுத்திவிடும்.

இன்னொன்று, விஐபி மூக்கு ஸ்பிரே அடித்தால் கோவிட்டுக்குப் பிந்தைய களைப்பு போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிக் காசைத் தொலைக்காதீர்கள். கடுமையான கோவிட் நோயாளிகளுக்கு அவிப்டாடில் என்ற பெயரில் இதையே ரத்தக்குழாய் வழியாக ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. பலன் தெரியவில்லை; ரத்த அழுத்தம் இறங்கியதும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம்.

அப்பாவுக்குக் கால் துவண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.