மகன் சொன்னதற்காக நீக்கினீர்களா?

கேள்வி: நான் 1998-இல் மேற்படிப்புக்காக ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவன். படிப்பு முடிந்த பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியையும் விடவில்லை. பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்த காலத்திலும் அரங்கில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். இந்த ஆண்டு (2025) எங்கள் அணி அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியத் தொடரின் இறுதிப் போட்டிக்கு வந்தது. ஏப்ரல் 7 அன்று சான் ஆன்டோனியோவில், பதினேழு வயது மகனோடு நேரில் இருந்தேன். 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்த நாங்கள் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியிடம் 65-63 என்று தோற்றோம். கடைசியாகப் பந்து கைக்கு வந்தபோது எங்கள் ஆட்டக்காரர் இமானுவேல் ஷார்ப் அதைக் கூடையை நோக்கி எறியக்கூட இல்லை. (திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றபோது கோபத்தில் அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன், மறுநாள் மகன் சொன்னதற்காக நீக்கியும் விட்டேன். மனைவிக்கு இது தெரியாது.) ஒரு மாதமாகியும் தூக்கம் இல்லை; அந்தக் கடைசி விநாடிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். மகன் என்னைவிட உடைந்து போயிருக்கிறான். என்னோடு ஆட்டம் பார்க்க உட்காருவதில்லை. பள்ளி அணியில் ஆடுகிறவன், முதுகில் என் பெயர் போட்ட தன் சட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கோடைக்கால அணியில் சேர மாட்டேன் என்கிறான். இந்தத் தோல்வியிலிருந்து நாங்கள் இருவரும் மீள்வது எப்படி?

ஹூஸ்டன் வாசகர் ஒருவர் (நீண்ட கடிதத்தின் சுருக்கம்)

பதில்: ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்து எழுதியிருக்கிறீர்கள், சொல்லப்போவதில்லை. விளையாட்டில் ஏற்பட்ட தோல்வியால் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை என்று இந்தப் பகுதிக்குக் கடிதம் வராத ஆண்டே கிடையாது. அந்தத் துக்கம் உண்மையானதுதான். ஆனால் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கியதும் அது தானாகக் கரைந்துவிடும் என்பதையும் பலமுறை பார்த்தாகிவிட்டது. 68 அணிகள் இறங்கும் அந்தத் தொடரில், ஒரே ஓர் அணியைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுத்தான் வீடு திரும்புகிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் தூக்கத்தைப் பற்றிய பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கடிதத்தின் பெரும்பகுதியில் ஆட்டத்தை விநாடி விநாடியாக விவரித்திருக்கிறீர்கள். யார் யாரைத் தடுத்திருக்க வேண்டும், பந்து யாரிடம் போயிருக்க வேண்டும் என்றெல்லாம் கோச் கெல்வின் சாம்ப்சனுக்கே பாடம் நடத்துகிறீர்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் ஒரு செய்தி. ஒரு கல்லூரி மாணவரின் பக்கத்துக்குப் போய், ஐம்பதை நெருங்கும் ஒரு குடும்பத் தலைவர், நள்ளிரவில் இரண்டு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிகளில் என்ன இருந்தது என்பதை நீங்கள் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக எழுதியவருக்கு இரண்டு வரிக்கு இடமில்லாமல் போயிருக்காது. என்னிடம் காட்டக் கூச்சப்பட்டு விட்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் இருப்பதால்தான் உங்களோடு மேற்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அடுத்த பாதியை என்னால் கடந்து போக முடியவில்லை. 'மகன் சொன்னதற்காக நீக்கினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு என்று பட்டதால் நீக்கினேன் என்று எழுதவில்லை. பிள்ளை பிடிவாதம் பிடித்ததால் பொம்மை வாங்கிக் கொடுத்தேன் என்பதைப் போல, அவனுடைய மனக்குறையைத் தீர்க்கச் செய்த ஒரு சலுகையாகவே அது உங்களுக்குத் தோன்றுகிறது. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வரிகள் இன்றைக்கும் அங்கேயே இருந்திருக்கும், அப்படித்தானே? ஒரு வீட்டில் எது நியாயம், எது அநியாயம் என்று அப்பா பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் பதினேழு வயதுப் பையன் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு நடந்ததைப் பெருந்தன்மை என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள்.

சரி, நீங்கள் ஆட்டத்தையே பேச விரும்புவதால் ஆட்டத்தையே பேசுவோம். கடைசி முறை பந்து உங்கள் அணியிடம் வந்தபோது மீதமிருந்தது 19.7 விநாடி. இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஷார்ப் பந்தோடு எம்பினார். எதிரே ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் கையை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வந்தார். எறிந்தால் அந்தக் கையில்தான் படும் என்று காற்றில் இருக்கும்போதே புரிந்துகொண்ட ஷார்ப், பந்தைத் தரையில் விட்டார். தானே அதை மறுபடி தொட்டால் விதிமீறல். தொடாவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். கண்ணெதிரே துள்ளும் பந்தைக் கையைக் கட்டிப்போட்டது போல அவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஃபுளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் அதன்மேல் பாய்ந்து விழுந்தார், நேரம் முடிந்தது. இதை ஒரு தனி மனிதரின் குற்றமாக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தைய சில நிமிடங்களில் உங்கள் அணி எறியாமலே பந்தை இழந்த மற்ற தருணங்களை மறக்க வேண்டும். முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காத கிளேட்டன் பிற்பாதியில் 11 எடுத்ததை மறக்க வேண்டும். 12 புள்ளி முன்னிலை ஒரே ஆளின் கையிலிருந்து நழுவிவிடாது என்னும் எளிய கணக்கையும் மறக்க வேண்டும்.

இன்னொன்றையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். அதை மறந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டே நாள் முன்பு, ஏப்ரல் 5 அன்று, அதே அரங்கில் அரையிறுதி. டியூக் அணி ஒரு கட்டத்தில் 14 புள்ளி முன்னே இருந்தது. ஆட்டம் முடிய ஏறத்தாழ அரை நிமிடமே இருந்தபோதும் 67-61 என்று முன்னிலை வகித்தது. அரங்கிலிருந்த டியூக் ரசிகர்கள் இறுதிப் போட்டிக்கு டிக்கெட் தேடத் தொடங்கியிருப்பார்கள். அப்போது மூன்று புள்ளிப் பந்தொன்றை எறிந்து 67-64 ஆக்கியவர் யார்? இதே இமானுவேல் ஷார்ப். அங்கிருந்து தொடங்கிய ஒன்பது தொடர் புள்ளிகளில்தான் உங்கள் அணி 70-67 என்று வென்றது. அதனால்தான் நீங்கள் திங்கட்கிழமை இரவு அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். சனிக்கிழமை இரவு அவருடைய பக்கத்துக்குப் போய் இரண்டு வரி வாழ்த்து எழுதினீர்களா? எழுதியிருந்தால் அதைக் கடிதத்தில் சொல்லாமல் விட்டிருக்க மாட்டீர்கள்.

காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து கைதட்டியவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். நீங்கள் மாணவராக இருந்த ஆண்டுகளில் அந்த அணி தேசியத் தொடருக்குத் தகுதி பெறவே இல்லை. அன்றைக்குத் தோற்ற பிள்ளைகளை நீங்கள் யாரும் திட்டியதாகத் தெரியவில்லை. 1983-இல் நார்த் கரோலினா ஸ்டேட் அணியின் லொரென்சோ சார்ல்ஸ் கடைசிக் கணத்தில் பந்தைக் கூடைக்குள் திணித்து உங்கள் அணியை 54-52 என்று வென்றதையும், மறு ஆண்டு ஜார்ஜ்டவுனிடம் இறுதிப் போட்டியில் தோற்றதையும், நீங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னே நடந்தவையாக இருந்தும், சொந்த வீட்டுத் துக்கம் போலச் சொல்லியிருக்கிறீர்கள். எதுவும் கிடைக்காத காலத்தில் உங்களிடம் பொறுமை இருந்தது. இந்த ஆண்டு 35 வெற்றி கிடைத்ததும், முப்பத்தாறாவதைத் தர வேண்டியது அந்தப் பையன்களின் கடன் என்று ஆகிவிட்டது. ரசிகர் கடன் கொடுத்தவனைப் போல வாசலில் வந்து நிற்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் மகன். அவன் தோல்வியால் உடைந்துவிட்டான் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நடந்ததை அவன் இருந்த இடத்திலிருந்து பாருங்கள். சான் ஆன்டோனியோவிலிருந்து ஹூஸ்டனுக்கு மூன்று மணி நேர இரவுப் பயணம். நடுவில் வண்டி நிற்கிறது. அப்பா கைப்பேசியில் எதையோ ஆவேசமாகத் தட்டுகிறார். பக்கத்து இருக்கையில் இருப்பவன், தனக்குப் பிடித்த ஆட்டக்காரரின் பக்கத்தை எப்போதும் பார்க்கிறவன், அங்கே தன் அப்பாவின் பெயரைப் பார்க்கிறான். அது அவனுடைய பெயரும்கூட. நம் வழக்கப்படி அப்பாவின் பெயரைத்தானே பிள்ளை கடைசிப் பெயராகச் சுமக்கிறான்? பள்ளி அணிச் சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர், ஒரு மாணவரை ஏசும் இரண்டு வரிகளுக்கு மேலே நிற்கிறது. அவனோடு ஆடும் பையன்கள் அதைப் பார்க்காமலா இருப்பார்கள்? சட்டை ஏன் பெட்டிக்குள் போனது என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். எனக்கு அதில் புதிர் எதுவும் தெரியவில்லை.

அவமானத்தைவிடக் கனமான ஒன்றும் அவன் மனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவனும் ஆடுகிறவன். அவனுக்கும் ஒரு நாள் கடைசி விநாடியில் பந்து கைக்கு வரும். அதை அவனும் தவறவிடக்கூடும். நன்றாக ஆடியபோது கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, ஒரு பந்து தவறியதும் ஏசுகிறவர் தன் அப்பா என்பதை அவன் நேரில் கண்டுவிட்டான். அவனைப் பற்றி நீங்கள் என்ன பேசினாலும் அவன் நம்பப்போவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் நீங்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்து தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. அதன் மறுபக்கம் இப்போது உங்கள் வீட்டில் நடக்கிறது. கோடைக்கால அணியில் சேர மாட்டேன் என்பதற்கு, உங்கள் முன்னால் தோற்க மாட்டேன் என்பதே பொருளாக எனக்குப் படுகிறது.

ஷார்ப்புக்கும் ஓர் அப்பா இருக்கிறார். டெரிக் ஷார்ப், இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணிக்காக ஆடியவர். 2004 ஏப்ரலில், லித்துவேனியாவின் ஜல்கிரிஸ் அணிக்கு எதிரான யூரோலீக் (ஐரோப்பிய கூடைப்பந்து அணிகளின் தொடர்) ஆட்டத்தில், நேரம் முடியும் கணத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து ஆட்டத்தைச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்கு இழுத்துச் சென்றது. மக்காபி அந்த ஆட்டத்தையும் பிறகு கோப்பையையும் வென்றது. கடைசி விநாடியில் பந்தைக் கையில் வைத்திருப்பது எப்படிப்பட்டது என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் போட நின்ற இடத்திலிருந்து நீங்கள்தான் விளக்கப் போனீர்கள். உங்கள் கோச் சாம்ப்சனின் பக்கத்தில், அதே பயிற்சியாளர் வரிசையில், அவருடைய மகன் கெல்லனும் உட்கார்ந்திருந்தார் என்பதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். அந்தத் தோல்வி அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வாங்கிய தோல்வி. மறுநாளும் அவர்கள் சேர்ந்தே வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

அந்த ஆட்டக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு மறுபடி எதையும் எழுத வேண்டாம். உங்கள் மனம் லேசாவதற்காக அவர் இன்னொரு செய்தியைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. மகனிடம் பேசுங்கள். காரில் போகும்போதோ டிவியைப் பார்த்தபடியோ வேண்டாம். எதிரே உட்கார்ந்து பேசுங்கள். 'நான் எழுதியது தவறு, நீ சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்ற அளவில் நிறுத்துங்கள். கோபத்தில், களைப்பில், இத்தனை ஆண்டு ஏக்கத்தில் என்று காரணங்களை அடுக்கத் தொடங்கினால் அவன் எழுந்து போய்விடுவான், போகவும் வேண்டும். அவன் பதில் சொல்லாவிட்டால் பதில் கேட்காதீர்கள். கோடைக்கால அணியைப் பற்றி இனி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. சேருவதும் சேராததும் அவன் முடிவு. அந்தக் கடைசி விநாடிகளின் பதிவை வீட்டுக் கூடத்தில் ஓடவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை அது ஓடும்போதும் அவன் காதில் விழுவது ஆட்டத்தின் இரைச்சல் அல்ல, நீங்கள் இன்னும் அந்தப் பையனை விடவில்லை என்னும் செய்திதான்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மனைவிக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது ஒரு மாதமாக, அம்மாவிடம் அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல், உங்கள் மகன் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். அம்மா 'ஏன்டா ஆடப் போகலை' என்று கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பொய்யை அவன் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் மானத்தைக் காப்பாற்றும் வேலையை ஒரு பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இன்று இரவு, மகனும் உடனிருக்கும்போது, அந்த இரண்டு வரிகளை ஒரு சொல் குறைக்காமல் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். மகனிடம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.